ஊன்ற மறந்த கால்

ஹமமட்சு
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

செப்டம்பர் பிறந்தும் இங்கே வெயில் இறங்கவில்லை. வடக்கே கிதாமியில் நீங்கள் இரவில் போர்வை எடுத்திருப்பீர்கள். வெங்காய அறுவடை முடிந்ததா? அத்தானின் இடுப்பு வலி எப்படி?

நானும் அகானேயும் நலம். உன் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு ஆரம்பித்ததிலிருந்து மாடி அறையைத் துணிக்கடை ஆக்கி வைத்திருக்கிறாள். மாலையில் வேலை முடிந்து வரும்போது என் பைக்கில்தான் அவளை ஏற்றிக்கொண்டு வருகிறேன். பின்னால் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். அவ்வளவு நம்பிக்கை.

நான் சோதனைக்கு ஓட்டும் எங்கள் புது பைக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். வெளியே பேசுவதில்லை என்று கம்பெனியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கண்காட்சியில் எல்லோருக்கும் காட்டியதை மட்டும் சொல்கிறேன். நின்றாலும் அது விழாது. முன்சக்கரத்தைத் தானே சின்னச் சின்னதாகத் திருப்பித் திருப்பி நிமிர்ந்து நிற்கும். மே மாதத்திலிருந்து தினமும் ஆறு மணி நேரம் அதில்தான் இருக்கிறேன். சிக்னலில் நின்றால் இரண்டு காலும் மேலேயே இருக்கும்.

சோதனை ஓட்டுநர்களில் மூத்தவர் ஹராகுச்சி. ஐம்பத்தெட்டு வயது. அவர் அதற்கு 'ஆயா' என்று பெயர் வைத்துவிட்டார். காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போதே ஆரம்பித்துவிடுவார். "ஆயா வந்துட்டாங்க, எல்லாரும் கையப் புடிச்சுக்கிட்டு வரிசையா நில்லுங்க." எல்லோரும் சிரிப்போம்.

லைசென்ஸ் தேர்வில் வரும் ஒற்றைப் பலகை ஞாபகம் இருக்கிறதா? ஒரு முழ அகலத்துக்கும் குறைவு. ஏழு விநாடிக்குக் குறையாமல், விழாமல், மெதுவாகக் கடக்க வேண்டும். ஐந்து முறை விழுந்து ஆறாவது முறை நீ தேறினாய். நேற்று அதே போன்ற பலகையின் நடுவில் ஆயாவை நிறுத்தி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு நான்கு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இறங்கியபோது சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. என் பரீட்சையை வேறு யாரோ எழுதிவிட்டு, தாளில் என் பெயரைப் போட்டதுபோல இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மினோரி

*

கிதாமி
19 செப்டம்பர் 2024

அன்புள்ள மினோரி,

இங்கே போர்வை எடுத்தாகிவிட்டது. வெங்காயம் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. உன் அத்தானின் இடுப்பு அறுவடை முடிந்த அன்றே சரியாகிவிட்டது. வருடா வருடம் அப்படித்தான்.

பரீட்சை விஷயம் படித்தேன். உன் உயரம் நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர். உனக்கு அப்படித்தான் தோன்றும். எனக்கு நூற்று நாற்பத்தேழு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்தச் சிக்னலில் நான் எப்படி விழுந்தேன் என்று உனக்குத் தெரியும். வேகம் இல்லை, மழை இல்லை. ரோடு இடதுபக்கம் கொஞ்சம் சரிந்திருந்தது, அவ்வளவுதான். காலை நீட்டினேன். நுனிக்காலில் காற்றுதான் பட்டது. நூற்றுத் தொண்ணூறு கிலோ முழங்காலின் மேல். பின்னால் லாரிக்காரர் இறங்கி வந்து, "ஏம்மா, தரை எட்டாதுன்னு தெரிஞ்சும் இதுல ஏறுவாங்களா?" என்றார். அதன்பிறகு நான் ஏறவில்லை.

அந்த நீல வண்டி வெங்காயக் கொட்டகையில்தான் இருக்கிறது. தபால் நிலைய ஜன்னலில் உட்கார்ந்திருந்தால் கோடை முழுக்கப் பைக்குகள் போகும். இந்தப் பக்கத்தில் எதிரெதிரே போகிறவர்கள் ஒருவருக்கொருவர் இடது கையைத் தூக்கிக் காட்டுவார்களே, அதைப் பார்த்துக்கொண்டே முத்திரை குத்துவேன். ஒருநாள் காரிலிருந்து நானும் கையைத் தூக்கினேன். ஒருவனும் திருப்பிக் காட்டவில்லை. காரில் இருப்பவளுக்கு எதற்குக் காட்ட வேண்டும்?

இப்போது செய்தி. உங்கள் கம்பெனி அடுத்த மே மாதம் வெளியாட்களுக்கு வண்டியைக் கொடுத்து ஓட்டச் சொல்லப்போகிறதாமே. நூற்று ஐம்பது சென்டிமீட்டருக்குக் குறைவானவர்கள் வேண்டும் என்று போட்டிருந்தது. மனுப் போட்டுவிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. ஹராகுச்சியிடம் சொல், உயரமாகப் பிறந்தவனுக்கு ஆயா தேவையில்லைதான்.

அக்டோபர் முதல் தேதியிலிருந்து கடிதத்துக்குத் தபால் தலை எண்பத்து நாலு யென்னிலிருந்து நூற்றுப் பத்து ஆகிறது. தபால் நிலையத்துக்காரியின் தங்கையல்லவா, அதற்குள் ஒரு கடிதம் போட்டுவிடு. குளிருக்கு முன்னால் அகானேவுக்குக் கனமான கோட்டு ஒன்று வாங்கிக் கொடு.

ஹிசயோ

*

ஹமமட்சு
27 செப்டம்பர் 2024
(இந்தக் கடிதம் அன்று தபாலில் சேரவில்லை)

அக்கா,

பருவத்தையும் நலத்தையும் விசாரிக்க இன்று முடியவில்லை, மன்னித்துக்கொள். அகானேவை நான் கீழே போட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை. அவளைக் கல்லூரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ரயில்வே கேட் மூடியது. நிறுத்தினேன். நிறுத்திவிட்டு, காலை ஊன்றாமல் உட்கார்ந்திருந்தேன். நான் இருந்தது என் சொந்தப் பைக்கில். ஆனால் உடம்பு ஆயாவின் மேல் இருப்பதாக நினைத்துக்கொண்டது. வண்டி சாய ஆரம்பித்தது. பயப்படக்கூட இல்லை, அக்கா. இப்போது நிமிர்த்தும், இப்போது நிமிர்த்தும் என்று அது சாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன். நாலு மாதத்தில் இடது கால் எல்லாவற்றையும் மறந்துவிட்டது.

அகானேவின் இடது காறை எலும்பு முறிந்துவிட்டது. தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஆறு நாள் இருக்க வேண்டும். அவளுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டதால் அவளே கையெழுத்துப் போட்டாள். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது உன்னைப் பற்றித்தான். "சித்தி, அம்மாகிட்ட சொல்லிடாத. என்னை உன் வண்டியில ஏத்த விடமாட்டாங்க, அது போகட்டும். அவங்களும் இனிமே ஏறமாட்டாங்க. இப்பத்தான் ஒன்பது வருஷம் கழிச்சு ஆசப்பட்டு எழுதியிருக்காங்க."

சோதனை ஓட்டுநர் நின்ற இடத்தில் விழுந்தாள் என்று சொல்லவே நாக்கு எழவில்லை. வேகத்தில் விழுந்தால் எங்கள் கூட்டத்தில் கதையாகச் சொல்வார்கள். நின்றபடி விழுந்தால் யாரும் சொல்வதில்லை. ஆனால் உன்னிடம் சொல்லாமல் எப்படி? நீ மே மாதம் ஆயாவில் ஏறினால், அதன்பின் அந்த நீல வண்டியில் ஏறினால்

*

ஹமமட்சு
14 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. புதுத் தபால் தலை ஒட்டித்தான் அனுப்புகிறேன். இங்கே காற்று மாறிவிட்டது. எல்லோரும் நலம். அகானேவுக்குப் பாடங்கள் அதிகம், அதனால் எழுதவில்லை. கோட்டு வாங்கியாயிற்று.

மனுப் போட்டது பற்றி: அவசரப்பட வேண்டாம் என்று தோன்றுகிறது. புது இயந்திரம். இன்னும் ஒரு வருடம் போகட்டும்.

அத்தானுக்கு என் வணக்கம்.

மினோரி

*

கிதாமி
10 நவம்பர் 2024

அன்புள்ள மினோரி,

முதல் பனி விழுந்துவிட்டது. நாங்கள் இருவரும் நலம். நீ நலமா என்று உன் கடிதத்தைப் பார்த்தால் தெரியவில்லை. ஜன்னலில் தினமும் எத்தனையோ விண்ணப்பப் பாரம் வாங்குகிறேன். உன் கடிதம் அவற்றில் ஒன்றுபோல இருந்தது.

ஏன் அவசரப்பட வேண்டாம்? உனக்குத் தெரிந்த காரணம் ஏதாவது இருந்தால் சொல். கையெழுத்துப் போட்டதால் சொல்ல முடியாதென்றால், சொல்ல முடியாத காரணம் ஒன்று இருக்கிறது என்றாவது சொல். இல்லை, குட்டை அக்காவும் ஓட்டிவிட்டால் உன் இருபத்திரண்டு வருடத்துக்கு என்ன மதிப்பு என்று நினைக்கிறாயா? கோபத்தில் கேட்கவில்லை. நானாக இருந்தால் அப்படி நினைத்திருப்பேன்.

புத்தாண்டுக்கு வழக்கம்போல வெந்நீர் ஊற்று விடுதியில் நம் மூவருக்கும் சொல்லிவைத்துவிட்டேன். அகானேவின் முதுகைத் தேய்த்துவிட்டு ஒரு வருடம் ஆகிறது.

ஹிசயோ

*

ஹமமட்சு
21 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

இங்கே பனி இல்லாத வறண்ட காற்று ஆளைத் தள்ளுகிறது. பைக்கில் போகிறவர்களெல்லாம் கோணலாகத்தான் போகிறோம். உங்கள் பக்கம் குளிர் மைனஸ் பதினைந்து என்று கேள்விப்பட்டேன். ரோட்டில் வழுக்காமல் நட.

புத்தாண்டுக்கு எங்களால் வர முடியாது. அகானேவுக்குக் கடையில் பகுதிநேர வேலை கிடைத்திருக்கிறது, விடுமுறையில்தான் கூட்டமாம். அவளைத் தனியே விட்டுவிட்டு நான் மட்டும் வர மனமில்லை. இங்கே விளையும் மிக்கபி ஆரஞ்சு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: பொறாமை இல்லை. அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

அத்தானும் நீயும் நல்ல வருடத்தைக் காண வேண்டும்.

மினோரி

*

கிதாமி
16 பிப்ரவரி 2025

அன்புள்ள மினோரி,

ஆரஞ்சு இனிப்பாக இருந்தது. ஜனவரியில் எழுதவில்லை, வேலை அதிகம். இந்த மாதம் கூரைப் பனியை இரண்டு முறை தள்ளினோம். வேறு குறையில்லை.

என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மே பத்தாம் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்கு ஒரு வண்டி, இங்கேயே கொண்டுவந்து தருவார்கள். கடிதத்தைப் படித்துவிட்டு ஜன்னலை மூடி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே பென்ஷன் வாங்க வந்த பெரியவர் தட்டினார். "என்னம்மா, செத்துப் போயிட்டாங்களா யாராவது?" என்றார். "இல்லைங்க, பொறந்திருக்கு" என்றேன்.

மருத்துவக் காப்பீட்டிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் தாளும் அதே வாரம் வந்தது. குடும்பத்தில் யார், எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை நாள் என்று அதில் இருக்கும். வழக்கமாகப் பிரிக்காமல் போட்டுவிடுவேன். இந்த முறை பிரித்துப் படித்தேன். அகானேவின் பெயருக்கு எதிரே ஒரு எலும்பு, தோள் ஆஸ்பத்திரி, செப்டம்பரில் ஆறு நாள்.

அகானே பையை எந்தத் தோளில் மாட்டுகிறாள்?

ஹிசயோ

*

கிதாமி
20 மார்ச் 2025

மினோரி,

பனி உருகத் தொடங்கிவிட்டது. நாங்கள் நலம்.

பிப்ரவரிக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்காது, அது என் தொழில்.

ஏப்ரல் கடைசியில் நீல வண்டியைக் கொட்டகையிலிருந்து இறக்கப் போகிறேன். மெக்கானிக்கிடம் சொல்லியாயிற்று. இருக்கையை வெட்டித் தாழ்த்திவிட்டால் கால் எட்டிவிடும் என்கிறான். மே மாதம் முழுக்க ஒருநாள் உங்களுடையது, ஒருநாள் என்னுடையது என்று மாற்றி மாற்றி ஓட்டி, எது எப்படி என்று எழுதித் தரலாம் என்று இருக்கிறேன். நல்ல யோசனைதானே?

ஹிசயோ

*

ஹமமட்சு
29 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

செர்ரி இரண்டு நாளில் மலர்ந்துவிடும். நான் உடம்பால் நலம். நீ?

நல்ல யோசனை இல்லை, அக்கா. மாற்றி மாற்றி ஓட்டாதே.

உனக்குத் தெரிந்துவிட்டது என்று பிப்ரவரியிலேயே புரிந்தது. ஒரு மாதமாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். செப்டம்பர் இருபத்து நாலாம் தேதி ரயில்வே கேட்டில் என் பைக் நின்ற இடத்தில் விழுந்தது. பின்னால் அகானே. காறை எலும்பு. இப்போது சேர்ந்துவிட்டது, கை முழுதாகத் தூக்குகிறாள், பையை வலது தோளில் மாட்டுகிறாள். புத்தாண்டுக்கு வராதது தழும்பை நீ குளியலில் பார்த்துவிடுவாய் என்பதால். அவள்தான் மறைக்கச் சொன்னாள். ஆனால் நாற்பத்து நாலு வயதுக்காரி நான், பத்தொன்பது வயதுப் பெண் சொன்னாள் என்று சொல்லக் கூடாது.

ஏன் விழுந்தேன் என்பதுதான் முக்கியம். காலை ஊன்றவில்லை. மறந்துவிட்டேன். ஆயா கற்றுக்கொடுத்த மறதி.

எனக்கு மட்டும்தான் அப்படி என்று நினைத்தேன். வயசு, களைப்பு, பெண் என்று எனக்கே மூன்று காரணம் சொல்லிக்கொண்டேன். எங்கள் வாராந்தரத் தாளில் 'சோதனைக்கு வெளியே நடந்தவை' என்று ஒரு வரி உண்டு. ஒவ்வொரு வாரமும் 'எதுவுமில்லை' என்று எழுதினேன். உன் கடிதம் வந்த மறுநாள், புதன்கிழமை, மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஊழியர்களின் பைக்குகள் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஆயாவை ஓட்டுகிற ஆறு பேரின் சொந்த வண்டிகளும் வரிசையாக நின்றன. வண்டி இடதுபக்கம் விழுந்தால் முதலில் உடைவது க்ளட்ச் லீவர். ஆறில் நாலு வண்டிகளில் இடது லீவர் புத்தம் புதிது. வலது பக்கத்தில் பழசு, மங்கலாக.

ஒன்று என்னுடையது. மற்ற மூன்று?

ஹராகுச்சி தேநீர்க் கோப்பையோடு வந்தார். நான் குனிந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"லீவர் புதுசா இருக்கே" என்றேன்.

"பழசு போச்சு."

"எப்படிப் போச்சு?"

என் வண்டியின் இடது லீவரைத் தொட்டுப் பார்த்தார். "நீ எப்படிப் போக்கின?"

எல்லாம் அதிலேயே தெரிந்துவிட்டது. அவர் விழுந்தது தன் வீட்டு வாசலில், மனைவி பார்த்துக்கொண்டிருக்க. "முப்பத்தாறு வருஷம் ஓட்டினவன் வாசல்ல விழுந்தான்னு எழுதச் சொல்றியா? நான் செத்தாலும் எழுதமாட்டேன்." பிறகு போகிற போக்கில் திரும்பி, "நீ எழுது. என் லீவரையும் சேத்து எண்ணிக்கோ. பேரு போடாத" என்றார்.

அன்று மாலையே எழுதிக்கொண்டு போய்ப் பிரிவுத் தலைவர் தெராதாவிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

"இது மேல போச்சுன்னா மே மாசம் நடக்காது. தெரியும்ல?"

"தெரியும்."

"நாலு பேருன்னு இருக்கு. ஒரு பேருதான் போட்டிருக்க."

"என் பேரு சார்."

உன் மே மாதத்தை நான்தான் தட்டிப் பறித்தேன். ஆறு மாதம் முன்பே செய்திருந்தால் உனக்கு ஆசையே காட்டாமல் இருந்திருக்கலாம். கையெழுத்தை மீறித்தான் இதை உனக்கு எழுதுகிறேன். நீ என்னோடு பேசாவிட்டாலும் சரி, நீல வண்டியில் மட்டும் அவசரப்பட்டு ஏறாதே. ஒரு வரி பதில் போடு.

மினோரி

*

கிதாமி
7 மே 2025

மினோரி,

நாற்பது நாள் கழித்து எழுதுகிறேன். உன் பதிலுக்கு நான் காத்திருந்தது எத்தனை நாள் என்று நீயே எண்ணிக்கொள். இங்கே இப்போதுதான் செர்ரி. நாங்கள் நலம்.

விடுமுறைக்கு அகானே வந்திருந்தாள். வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப் போனேன். தழும்பைப் பார்த்தேன். ஒரு விரல் நீளம். முதுகைத் தேய்த்துக்கொண்டே கேட்டேன், சித்தி பின்னால் இனி உட்காருவாயா என்று. "இப்பவும் உக்காந்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன். ஒவ்வொரு சிக்னல்லயும் சித்தி முதுகுல ஒரு தட்டுத் தட்டி 'கால்'னு சொல்லுவேன். முன்ன மாதிரி தூங்கறதில்ல" என்றாள். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உட்காராதே என்றும் சொல்லவில்லை.

உங்கள் கம்பெனியிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. முதலில், மே மாதத்துக்குப் பதில் செப்டம்பர் என்று. இரண்டாவதில் நிரப்பி அனுப்ப ஒரு பாரம். பழைய பாரத்தில் இல்லாத ஒரு கேள்வி புதிதாக இருந்தது: 'உங்கள் வீட்டில் வேறு மோட்டார் சைக்கிள் உண்டா?' பார்த்ததுமே அது உன் கேள்வி என்று தெரிந்தது.

இனி நான் சொல்வதைக் கேள். உன் கால் மறந்தது, ஏனென்றால் அதற்குத் தெரிந்திருந்தது. ஹராகுச்சியின் காலுக்கும் தெரிந்திருந்தது. என் காலுக்கு என்ன தெரியும்? காற்று மட்டும்தான் தெரியும். மறப்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. உங்களுக்கு அது ஆயா. எனக்கு அது தரை. இரண்டையும் ஒரே கொட்டகையில் வைத்திருந்தால்தான் ஆபத்து.

அதனால் நீல வண்டியை விற்றுவிட்டேன். வாங்கியவன் உயரமான பையன், அபஷிரிக்காரன். முதல் உதையிலேயே எஞ்சின் எழுந்துகொண்டது. ஒன்பது வருடமாக உன் அத்தான் எனக்குச் சொல்லாமல் மாதம் ஒருமுறை ஓட வைத்திருக்கிறார். அவன் கிளம்பும்போது வாசலில் நின்று கையைத் தூக்கினேன். அவன் இடது கையைத் தூக்கித் திருப்பிக் காட்டினான். பாரத்தில் 'இல்லை' என்று எழுதி, அன்றைய தபாலிலேயே சேர்த்துவிட்டேன்.

ஓட்டுவேன், மினோரி. செப்டம்பரில்.

மற்றது: நீ மறைத்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. விழுந்ததை என்றைக்கோ மன்னித்துவிட்டேன், நானும் விழுந்தவள்தான். உன்னை எனக்குத் தெரியும். நீ அன்றைக்கே எழுதியிருப்பாய். எழுதி, உறையில் போட்டு, ஒட்டாமல் எங்கேயோ வைத்திருப்பாய். அதை அனுப்பு. புதிதாக எதுவும் எழுத வேண்டாம்.

ஹிசயோ

*

ஹமமட்சு
13 மே 2025

அன்புள்ள அக்கா,

இங்கே நலம். மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. படித்துப் பார்க்காமல் அப்படியே ஒட்டுகிறேன். கடைசி வாக்கியம் பாதியில் நிற்கும். இந்தச் சீட்டையும் அதற்குள்ளேயே வைக்கிறேன்.

உறையின் மேல் எண்பத்து நாலு யென் தலையை அன்றைக்கே ஒட்டியிருந்தேன். இன்று தபால் நிலையத்தில் இது போதாது என்றார்கள். பக்கத்தில் இருபத்தாறு யென் தலை ஒன்று ஒட்டியிருக்கிறேன். உன் ஜன்னலுக்கு வரும்போது இரண்டையும் பார்ப்பாய்.

மினோரி